வலிக்காத பன்னிரண்டு எலிகள்

"அந்தப் பன்னிரண்டு எலியும் சாகறதுக்கு முன்னாடி பொய் சொல்லியிருக்கு மேடம்," என்றார் டாக்டர் சீதாராமன்.

கல்பகம் நிமிர்ந்து பார்த்தாள். பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றின் விஜிலன்ஸ் பிரிவில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து மனிதர்களின் பொய்களை மட்டும் கேட்டுப் பழகியவள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு செகந்திராபாத் மேற்கு மாரெட்பள்ளியில் ஸ்டேஷனரிக் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்து நாலு வருடம் ஆகிறது. இதுவரை எலி மேல் யாரும் புகார் கொண்டுவந்ததில்லை.

"எலிக்கு வக்கீல் வச்சாச்சா சார்?" என்றான் பக்கத்து மேஜையிலிருந்து ஜெயந்த். அவளுடைய உதவியாளன். நாற்பது வயது. முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு சர்வேயராக இருந்தவன். எரிந்த கடைகளுக்குள் நுழைந்து, தீ தானாக வந்ததா, வரவழைத்ததா என்று எழுதிக் கொடுப்பது அவன் வேலையாக இருந்தது. இரண்டாவது பதிலை அடிக்கடி எழுதியதால் வேலை போனது.

சீதாராமன் அவனைக் கவனிக்கவில்லை. ஹப்சிகுடாவில் இருக்கும் ஸ்வஸ்திரா பயோசயின்சஸில் வலி ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் அவர். காலை ஒன்பதரை மணிக்கே முப்பத்தெட்டு டிகிரி வெயில் அடித்தது. அவர் சட்டை மடிப்பு கலையவில்லை.

"நரம்பு வலிக்கு ஒரு மருந்து. எஸ்-17னு பேர். சர்க்கரை வியாதிக்காரங்களுக்குக் கால் எரியும் பாருங்க, அந்த வலிக்கு. எலியோட தொடை நரம்பைச் சுத்தி சில்க் நூலால நாலு முடிச்சு தளர்வாப் போட்டா அந்தக் காலுக்கு வலி வந்துடும். மருந்து கொடுத்தா அது குறையுதான்னு பார்க்கணும்."

"வலிக்குதுன்னு எலி எப்படிச் சொல்லும்?"

"ரெண்டு வழியில கேட்கறோம். ஒண்ணு, மெல்லிசான நைலான் இழையால உள்ளங்காலைத் தொடறது. வலி இருந்தா வெடுக்குனு காலை இழுத்துக்கும். இன்னொண்ணு ரத்தம். நரம்பு அடிபட்டா அழற்சி வரும். அழற்சி வந்தா ரத்தத்துல சில புரதங்கள் ஏறும். இன்டர்லூக்கின் ஆறுன்னு ஒண்ணு இருக்கு. எங்களுக்கு அதுதான் அளவுகோல். வலி இறங்கினா அதுவும் இறங்கணும்."

"இறங்கலையா?"

"மருந்து கொடுத்த பன்னிரண்டு எலியும் இழையால தொட்டா காலை அசைக்கவேயில்லை. மருந்து அற்புதமா வேலை செஞ்சிருக்கு. ஆனா ரத்தத்துல அந்த எண் உச்சத்துல நிக்குது. கால் வலிக்கலைங்குது, ரத்தம் வலிக்குதுங்குது."

"எங்க மாமனார் அப்படித்தான் சார்," என்றான் ஜெயந்த். "வாய் போதும்னு சொல்லும், கை தட்டை நீட்டும்."

சீதாராமன் ஒரு காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். கம்ப்யூட்டரில் அச்செடுத்த மூன்று வரி.

'உன் எலிகளின் ரத்தத்தில் என் கை இருக்கிறது. என் பெயரை அழித்தாய். உன் பெயர் அழியும்.'

"பத்து நாள் முன்னாடி தபால்ல வந்தது. யார்னு எனக்குத் தெரியும். சாஹித்யா. என் கீழ வேலை பார்த்தவ. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பழைய ஆய்வுல எண்களை மாத்தி எழுதினா. வேலையை விட்டு அனுப்பினேன். இப்ப மல்காஜ்கிரியில ஒரு நாய் பூனை கிளினிக்ல இருக்கா. ஆள் விட்டு ரத்தத்துல எதையோ கலந்திருக்கா."

"போலீஸுக்குப் போகலாமே."

"சாயந்திரம் நாலு மணிக்குக் கமிட்டி. மருந்தோட சொந்தக்காரங்க மும்பையிலேர்ந்து வர்றாங்க. அடுத்த மாசம் மனுஷங்களுக்குக் கொடுத்துப் பார்க்கற கட்டம். போலீஸ் வந்தா எல்லாம் நின்னுபோயிடும். வெளியாள் ஒருத்தர் விசாரிச்சு, சதி நடந்திருக்குன்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தா போதும். ரத்த முடிவை ஒதுக்கிட்டு இழை முடிவை மட்டும் வச்சு மேல போயிடுவோம்."

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் கல்பகம் திரும்பினாள்.

"ஜெயந்த், திருடு போச்சுன்னு வர்றவங்க நம்மகிட்ட என்ன கேட்பாங்க?"

"திருடனைப் பிடிங்கன்னு."

"இவர் கேட்டாரா?"

ஜெயந்த் யோசித்தான். "இல்ல. திருட்டு நடந்ததுன்னு ரசீது கேட்டார்."

"வண்டியை எடு. மல்காஜ்கிரி."

*

ரயில்வே கேட் தாண்டி, மெடிக்கல் ஷாப்புக்கும் டியூஷன் சென்டருக்கும் நடுவில் இருந்தது அந்தக் கிளினிக். உள்ளே ஒரு பெரிய லாப்ரடார் மேஜையில் மல்லாந்து கிடக்க, முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி அதற்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். கல்பகம் பெயரையும் வந்த காரணத்தையும் சொன்னாள். அந்தப் பெண்ணின் கை நிற்கவில்லை.

"லெட்டர் நான்தான் போட்டேன்," என்றாள் சாஹித்யா.

ஜெயந்த் கல்பகத்தைப் பார்த்தான். "கேஸ் முடிஞ்சுதா மேடம்? பெட்ரோல் செலவுக்குக்கூட நாம உழைக்கலையே."

"ரத்தத்துல கலந்தது?" என்றாள் கல்பகம்.

"நான் எழுதினதுல ஒரு பொய்கூட இல்ல. அதுக்கு மேல நாலு மணி வரைக்கும் என்கிட்ட எதுவும் கிடைக்காது."

"நாலு மணிக்குக் கமிட்டின்னு தெரியுமா உனக்கு?"

"எந்த ரூம்னுகூடத் தெரியும்." நாயின் அடுத்த காலை எடுத்தாள். "அந்த ரூமுக்குப் பக்கத்துலதான் கேன்டீன். ரெண்டு வருஷம் முன்னாடி மதியம் சாப்பாட்டு நேரத்துல, முப்பத்தெட்டு பேர் தட்டோட உட்கார்ந்திருக்கறப்ப, அங்க வச்சுத்தான் சொன்னார். 'இவ எண்ணை மாத்தினவ. இவ தொட்ட பேப்பரை யாரும் தொடாதீங்க'ன்னு. மாத்தினது என் லாகின்ல. மாத்தினது நான் இல்ல. அன்னிக்கு நான் எங்கப்பாவை கண் ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். ஆஸ்பத்திரி சீட்டைக் காட்டினேன். வாங்கிப் பார்க்கலை."

"அப்பா?"

"ஸ்ரீனிவாசன். டிபென்ஸ்ல ஸ்டோர்ஸ் ஆபீசரா இருந்து ரிடையர் ஆனவர். ஒரு நட்டு போல்ட் குறைஞ்சாலும் தூங்க மாட்டார். பொண்ணு ஃபோர்ஜரி பண்ணினான்னு காலனியில பேச்சு. மனு எழுதி எடுத்துட்டு அந்தக் கேட்டுக்கு நாலு தடவை போனார். நாலாவது தடவை கார் பக்கத்துல போய் நின்னிருக்கார். சீதாராமன் கண்ணாடியை ஏத்திட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் எட்டு மாசம்தான் இருந்தார்." நகவெட்டியைக் கீழே வைத்தாள். "கடைசியில என்னைப் பார்த்து, 'நீ பண்ணலைதானேம்மா'ன்னு கேட்டார். நம்பினாலும் கேட்டார் பாருங்க. அந்தக் கேள்விக்கு நான் ஒருத்தரைப் பதில் சொல்ல வைக்கணும்."

அவள் குரல் உயரவில்லை. அதுதான் கல்பகத்துக்குக் கவலை தந்தது. கத்துகிறவர்களின் கோபம் செலவாகிவிடும். இவள் இரண்டு வருடமாக ஒரு துளிகூடச் செலவழிக்கவில்லை.

வெளியே வந்ததும் ஜெயந்த் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். "மேடம், இந்தப் பொண்ணு ஊசியைக் கையில வச்சுக்கிட்டு இருக்கறப்ப நான் கிட்டக்க நிக்க மாட்டேன். ஆனா கலந்திருப்பாளான்னு கேட்டா..."

"நக்கோ, இல்லைன்னு தோணுதா?"

"ஹவ்," என்றான் ஜெயந்த். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். யோசிக்காமல் ஆமாம் சொல்லும்போது அவனுக்கு அந்த வார்த்தைதான் வரும்.

*

ஸ்வஸ்திராவின் நிர்வாக இயக்குநர் ருக்மிணி அறுபது வயதைத் தொட்டவர். அறைக் கதவைத் தானே எழுந்து சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒவ்வொரு எலியோட ரத்தத்தையும் ரெண்டு குழாயில எடுப்போம். ஒண்ணு சீதாராமன் லேபுக்கு. இன்னொண்ணு மாத்துக் குழாய். சீல் வச்சு என் சாவியில இருக்கும். தகராறு வந்தாத்தான் திறக்கணும். அவர் சதின்னு சொன்னதும் அந்த மாத்துக் குழாய்களை வெளி லேபுக்கு அனுப்பினேன். அவருக்குத் தெரியாது. நேத்து ரிசல்ட் வந்தது."

அவர் நகர்த்திய காகிதத்தில் பன்னிரண்டு எண்கள். சீதாராமன் காலையில் கொடுத்துவிட்டுப் போயிருந்த ரத்த முடிவுத் தாளைக் கல்பகம் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எந்த எலிக்கு அங்கே அதிகமோ அதற்கு இங்கேயும் அதிகம். எதற்குக் குறைவோ அதற்கு இங்கேயும் குறைவு.

"குழாய்க்குள்ள யாரும் கை விடலை," என்றாள். "எலியோட உடம்புலேர்ந்து வர்றப்பவே ரத்தம் இப்படித்தான் இருந்திருக்கு."

"அப்படின்னா மருந்து வேலை செய்யலையா?" என்றார் ருக்மிணி. "ஆனா காலை இழுக்கலையே. இழைப் பரிசோதனை நடக்கறப்ப நானே நின்னு பார்த்தேன்."

ஜெயந்த் இரண்டு தாளையும் எட்டிப் பார்த்தான். "மேடம், நான் தீ விபத்து பார்த்த காலத்துல தினம் இது நடக்கும். தெருக்கோடியில புகை தெரியும். எல்லாரும் மூலைக் கடைதான்னு ஓடுவாங்க. மூலைக் கடைக்காரர் உள்ள உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டு இருப்பார். எரியறது பின் தெருவா இருக்கும். புகைக்கு விலாசம் கிடையாது."

கல்பகம் மெதுவாக நிமிர்ந்தாள்.

"ருக்மிணி மேடம், அந்தப் புரதம் நரம்பு அடிபட்டா மட்டும்தான் ஏறுமா?"

"இல்ல இல்ல. உடம்புல எங்க அழற்சி வந்தாலும் ஏறும். பல்லு, புண்ணு, சளி, எதுக்கும்."

"கால்ல வலியில்ல. ஆனா உடம்புல எங்கேயோ எரிஞ்சிருக்கு. பன்னிரண்டு எலிக்கும் ஒரே சமயத்துல." கல்பகம் எழுந்தாள். "எலிகளுக்குத் தினம் தீனி வைக்கறது யாரு?"

*

விலங்குக்கூடத்தின் பின்வாசலில் யாதகிரி கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, இருபது வருடச் சர்வீஸ். கல்பகத்தைப் பார்த்ததும் குழாயை மூடினார். எலிகளைப் பற்றிக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மேரேகு நக்கோ பூச்சோ மேடம். நௌகரி ஹோனா." என்னைக் கேட்காதீர்கள், எனக்கு வேலை வேண்டும் என்பது அதன் பொருள்.

ஜெயந்த் ஒரு கூண்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். "யாதகிரி அண்ணா, நாங்க நௌகரி போன பார்ட்டிங்க. எனக்கு ஒரு தடவை போச்சு. மேடம் தானே விட்டுட்டாங்க. பார்த்தா செத்தா போயிட்டோம்? கொஞ்சம் இளைச்சிருக்கோம், அவ்வளவுதான்."

யாதகிரியின் பார்வை ஜெயந்தின் தொப்பையில் நின்றது. லேசாகச் சிரித்துவிட்டார்.

கல்பகம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்தப் பன்னிரண்டு எலிக்கும் உடம்புல எங்கேயாவது புண்ணு இருந்துதா?"

யாதகிரி தன் இடது காது மடலைத் தொட்டுக் காட்டினார்.

தெலுங்கும் தமிழும் உருதுவும் கலந்து, துண்டு துண்டாக வந்தது கதை. எலிகளின் காதில் எண் பொறித்த சிறு உலோகத் தகடு குத்துவது வழக்கம். ஆய்வின் முதல் நாளே குத்திவிடுவார்கள். ஒரு வாரத்தில் ஆறிவிடும். யுகாதி அன்று கம்பெனிக்கு விடுமுறை. தீனி வைக்க யாதகிரி மட்டும் வந்திருந்தார். சீதாராமன் காரில் வந்து, பண்டிகை நாளாயிற்றே, வீட்டுக்குப் போ என்று சாவியை வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் பன்னிரண்டு எலிக்கும் காது சிவந்திருந்தது. மூன்றாம் நாள் சீழ். ஆய்வு தொடங்கி இருபது நாளான எலிக்குக் காதில் எப்படிப் புதுப் புண் வரும் என்று கேட்டதற்கு, ரிஜிஸ்டரில் எழுதாதே என்று பதில் வந்தது.

"பாவம் மேடம், தலையை உதறிக்கிட்டே இருந்துச்சு. நான் சாஹித்யா அம்மா கிளினிக்குக்குப் போய் களிம்பு வாங்கிட்டு வந்து போட்டேன். அவங்க ஏன்னு கேட்டாங்க. சொன்னேன். ரெண்டு நாள்ல ரத்தம் எடுத்து எலியை எல்லாம் முடிச்சுட்டாங்க."

"களிம்பு வாங்கினது யுகாதி முடிஞ்ச வாரம்," என்றாள் கல்பகம். "அதாவது ஒரு மாசம் முன்னாடி."

"ஹவ் மேடம்."

"வேற ஏதாவது? கூண்டுங்க, கணக்கு, எதுவா இருந்தாலும்."

யாதகிரி உதட்டைக் கடித்தார். "உபரி எலிங்க இருக்கும். எந்த ஆய்வுக்கும் கொஞ்சம் கூட வச்சுக்குவோம். அதுங்களுக்கும் தொடையை மேலாக் கீறித் தைச்சிருக்கும், நரம்பைத் தொட மாட்டாங்க. யுகாதிக்கு மறுநாள் உபரிக் கூண்டு காலி. செத்துப்போச்சு, எரிச்சாச்சுன்னு சார் சொன்னார்."

ஜெயந்த் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டான். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

"மேடம், கடையை எரிக்கறதுக்கு முன்னாடியே சரக்கை வேற கடைக்கு மாத்திடுவானுங்களே, அதேதான் இது."

"அதேதான்," என்றாள் கல்பகம். "மணி என்ன?"

"மூணு இருபது."

*

கமிட்டி அறையில் ஏ.சி. குளிர் அதிகம். மேஜையின் தலைமாட்டில் ருக்மிணி. ஒரு பக்கம் மும்பைக்காரர்கள் இரண்டு பேர்: நரைத்த தலையுடன் ஓர் அம்மாள், குறிப்பெடுக்கும் ஓர் இளைஞர். எதிர்ப்பக்கம் சீதாராமன். கல்பகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"சொல்லுங்க மேடம். ரிப்போர்ட் ரெடியா?"

"ஒரே வரிதான் டாக்டர். உங்க ரத்தத்துல யாரும் கை வைக்கலை."

ருக்மிணி வெளி லேப் முடிவை மேஜை மேல் வைத்தார். சீதாராமன் அதைப் படித்தார். பதற்றப்படவில்லை. அவர் கெட்டிக்காரர்.

"அப்ப எலிக்கே ஊசி போட்டிருக்கா. உள்ளே ஆள் இருக்கு அவளுக்கு. இன்னும் மோசம்."

"இருக்கலாம். பார்த்துடலாம்," என்றாள் கல்பகம். "எலிகளோட நரம்பை வெட்டி எடுத்து பாட்டில்ல வச்சிருக்கீங்களாமே."

"ஃபார்மலின்ல இருக்கு. விதிமுறைக்காக வைக்கறது. அது எதுக்கு இப்ப?"

"எடுத்தது யாரு?"

"நான்தான்."

"சீல் ருக்மிணி மேடத்தோடது. இல்லேன்னா அதுவும் எரிஞ்சிருக்கும்."

முதல்முறையாக சீதாராமன் கை மேஜை விளிம்பைப் பிடித்தது.

ருக்மிணி மணி அடித்தார். தரக்கட்டுப்பாட்டு அலுவலர் ஒரு தட்டில் சின்னச் சின்னப் பாட்டில்களைக் கொண்டுவந்து வைத்தார். கல்பகம் மருந்து கொடுக்காத எலி ஒன்றின் பாட்டிலை மும்பை அம்மாளிடம் நகர்த்தினாள். சேமியா இழை மாதிரி வெள்ளை நரம்பு. அதன் நடுவில் வரிசையாக நாலு கறுப்பு முடிச்சு. அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எண்ணினார்.

"நாலு. சரியாத்தான் இருக்கு."

"இப்ப மருந்து கொடுத்த எலி. எந்த நம்பர் வேணும்னாலும் நீங்களே எடுங்க."

அறுபத்திநாலாம் எண்ணை எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். திருப்பினார். குலுக்கினார். கீழே வைத்துவிட்டு அறுபத்தேழை எடுத்தார். பிறகு அறுபத்தொன்று. எதிலும் முடிச்சு இல்லை. நரம்பு வழவழவென்று இருந்தது.

"எஸ்-17 வலியைப் போக்கும்னு சொன்னீங்க டாக்டர்," என்றாள் கல்பகம். "முடிச்சையும் அவிழ்க்குமா?"

கல்பகம் மற்றவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"மருந்து வேலை செய்யலை. யுகாதி லீவு நாள்ல டாக்டர் தனியா வந்தார். மருந்து சாப்பிட்ட நிஜ எலிகளை எடுத்துட்டு, நரம்புல கை படாத உபரி எலிகளை அந்தக் கூண்டுகள்ல விட்டார். தொடையில தையல் தழும்பு இருக்கும், வெளியில பார்த்தா வித்தியாசம் தெரியாது. ஆனா காதுல நம்பர் வேணும். பழைய தகட்டைப் பிடுங்கினா வளைஞ்சுடும். அதனால அதே நம்பர்ல புதுசு வாங்கி அன்னிக்கே குத்தினார். ஊசியைச் சுத்தம் பண்ண அவருக்குப் பொறுமை இல்ல, இல்லேன்னா பழக்கம் இல்ல. பன்னிரண்டு காதும் பழுத்துப்போச்சு. வலியே இல்லாத எலியைத்தான் நிறுத்தினார். காலும் அதைத்தான் சொல்லிச்சு. ரத்தம் காதைச் சொல்லிடுச்சு."

"சார் மாதிரி ஆளுங்களுக்கு அட்டெண்டர் இல்லாம ஒரு காதுகூடக் குத்த வராது," என்றான் ஜெயந்த் மெதுவாக.

சீதாராமன் மும்பை அம்மாளைப் பார்த்தார். பிறகு ருக்மிணியை. "நல்ல மருந்து மேடம் அது. இன்னும் ஒரு வருஷம் கொடுத்திருந்தா நிஜமாவே... எல்லாரும் அவசரப்படுத்தினீங்க." அவர் குரல் இறங்கியது. "உடம்பு சரியில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறேன். முப்பது வருஷ சர்வீஸ். வெளியில தெரிய வேண்டாம்."

"மருந்து இன்னியோட நின்னுபோச்சு," என்றார் மும்பை அம்மாள். "மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு நான் எழுதியாகணும். அதுல மாற்றமில்ல. ஆள் எப்படிப் போறார்ங்கறது உங்க வீட்டு விஷயம்."

ருக்மிணி தயங்கினார். கம்பெனி பெயர், பத்திரிகை, மற்ற வாடிக்கையாளர்கள் என்று அவர் கண்ணில் வரிசையாக ஓடுவது தெரிந்தது.

"ஒரு நிமிஷம்," என்று கல்பகம் வெளியே வந்தாள்.

*

தாழ்வாரத்தில் சாஹித்யா நின்றுகொண்டிருந்தாள். மூன்றரை மணிக்கு செக்யூரிட்டியிடம் சொல்லி உள்ளே விடச் சொன்னது கல்பகம்தான்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிச்சு இல்லாம முடிஞ்சுது. ஆனா எனக்கு ஒரு கணக்கு உதைக்குது. காது விஷயம் உனக்கு ஒரு மாசமாத் தெரியும். நேரா மும்பைக்கு எழுதியிருக்கலாம். எதுக்கு மொட்டைக் கடிதாசி?"

"மும்பைக்கு எழுதினேன். ஆய்வு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, என் பேர் போட்டு. இழைப் பரிசோதனை பண்ற ஆள் கையில இருக்கு. அழுத்தற அழுத்தத்துல எலியை எதை வேணும்னாலும் சொல்ல வைக்கலாம். ரத்தத்தையும் அளங்கன்னு எழுதினேன். பதில் வரலை. ஆனா ரத்தம் அளக்கறது ஆய்வுல சேர்ந்துது."

"அதுதான் உன் கை."

"அதுதான். நான் எழுதினதுல பொய் இல்லேன்னு சொன்னேனே."

"சரி, காது தெரிஞ்ச பிறகு?"

"யார் நம்புவா மேடம்? எண்ணை மாத்தினவன்னு பேர் வாங்கினவ, எண்ணை மாத்திட்டாங்கன்னு எழுதினா?" சாஹித்யா சுவரில் சாய்ந்தாள். "அந்த ரத்த முடிவைப் பார்த்ததும் அவர் என்ன பண்ணியிருப்பார் தெரியுமா? ரத்தம் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு வரி எழுதி ஃபைலுக்குள்ள தள்ளியிருப்பார். ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க. அந்தத் தாள் வெளியில வரணும்னா அவருக்கு ஒரு திருடி வேணும். கொடுத்தேன். திருடி திருடின்னு கத்தணும்னா, எது திருடு போச்சோ அதை எடுத்துக் காட்டித்தானே ஆகணும்? அவர் கையாலேயே எடுத்து எல்லார் முன்னாடியும் வச்சார். சதின்னு சொன்னா ருக்மிணி மேடம் மாத்துக் குழாயைத் திறப்பாங்க. அந்த விதி எனக்குத் தெரியும். நீங்க வந்தது மட்டும் நான் நினைக்காதது."

மிரட்டல் கடிதம் என்று தான் கையில் வைத்திருந்தது ஓர் அழைப்பிதழ் என்று புரியக் கல்பகத்துக்கு இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது.

"நான் அவர் கேட்டபடி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தா? அடுத்த மாசம் அந்த மருந்தை யாரோ ஒரு சர்க்கரை நோயாளி முழுங்கியிருப்பான். உன் பழிக்கு அவன் ஏன் காத்திருக்கணும்?"

சாஹித்யாவின் முகம் முதல்முறையாகக் கலைந்தது. "விட்டிருக்க மாட்டேன். யாதகிரியைக் கூட்டிட்டு அஞ்சு மணிக்கு மும்பைக்காரங்க ஹோட்டல்ல போய் நின்னிருப்பேன்." கொஞ்சம் பொறுத்து, "ஒரு மாசம் முன்னாடியே போயிருக்கலாம். தெரியும். அவர் வாயாலயே மாட்டணும்னு இருந்துட்டேன்," என்றாள்.

"உள்ள அவர் உடம்பு சரியில்லைன்னு எழுதிட்டுப் போகப் பார்க்கறார்."

அவள் சுவரை விட்டு நிமிர்ந்தாள். கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

சீதாராமன் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "சாஹித்யா. பழைய விஷயம்... அதுவும் நான்தான். உன் லாகின். மன்னிச்சுடும்மா. லெட்டர் தர்றேன். இந்த ரூமோட முடிச்சுக்கலாம்."

"மணி நாலேமுக்கால்," என்றாள் அவள் ருக்மிணியைப் பார்த்து. "டீ டயம். கேன்டீன்ல எல்லாரும் இருப்பாங்க மேடம். என்னை எங்க வச்சுச் சொன்னாரோ அங்க வச்சுச் சொல்லட்டும். அது போதும் எனக்கு."

ருக்மிணி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "வாங்க டாக்டர்."

கேன்டீனில் பேச்சுச் சத்தம் மேஜை மேஜையாக அடங்கியது. டீ கிளாஸ்கள், மிர்ச்சி பஜ்ஜித் தட்டுகள். பின்வரிசையில் கழுவின கையோடு யாதகிரி. சாஹித்யாவைப் பார்த்துச் சிலர் எழுந்தார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சீதாராமன் கவுண்டர் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். சில சூழ்நிலைகளில் சில தவறான முடிவுகள் எடுக்கப்பட்டதாகச் சொன்னார்.

"தெலுங்குல சொல்லுங்க சார்," என்றாள் சாஹித்யா. "எல்லாருக்கும் புரியட்டும். யார் எடுத்தாங்கன்னும் சொல்லுங்க."

சொன்னார். இரண்டு வருடம் முன்பு எண்களை மாற்றியது தான் என்றும், சாஹித்யா அன்று வேலைக்கே வரவில்லை என்றும், அது தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். அவளுடைய அப்பா மனுவோடு வாசலில் வந்து நின்றபோதும் தெரியும் என்றார். கடைசி வார்த்தைகள் முதல் மேஜையைத் தாண்டவில்லை. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, போகலாமா என்பதுபோல் ருக்மிணியைப் பார்த்தார்.

சாஹித்யா நகரவில்லை.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேட்கலை," என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."